அலெக்சாந்திரியாவில் ஐந்து நாள்



விடுமுறைப் பயணத்தைப் பற்றி இலக்கிய வட்டமொன்றில் பேச என்ன இருக்கிறது என்ற ஐயம் சிலருக்கு எழலாம். புகைவண்டி நேரமும் விடுதி வாடகையும் கவிஞர்க்குரிய பொருளாகுமா? ஆகும். எதைப் பார்ப்பது, எதை விடுவது, எதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்று வீட்டில் அமர்ந்து முடிவு செய்பவர், அந்த ஊரைப் பற்றிய தம் கருத்தையும் அப்போதே முடிவு செய்துவிடுகிறார். வழிகாட்டி நூலில் இல்லாத தெரு அவருடைய கண்ணில் படுவதே இல்லை. நூல்களின் வழியாகவே ஊர்களை அறியும் பழக்கமுடைய கவிஞர்க்கு இந்த இடர் மற்றவரைவிட மிகுதி. அதற்கு மத்தியதரைக் கடற்கரையின் அலெக்சாந்திரியாவைவிடத் தக்க சான்று கிடைப்பது அரிது.

எகிப்தின் வடகரையில், கடலுக்கும் மரியூத் ஏரிக்கும் இடையேயுள்ள ஒடுங்கிய நிலத்தில் நீண்டு கிடக்கிறது அந்நகரம். கி.மு. 331-இல் மாசிதோனிய வேந்தன் அலெக்சாந்தர் அதற்குக் கால்கோள் செய்தான். நகரின் எல்லையை நிலத்தில் குறிக்கச் சுண்ணம் கிடைக்காமையால் மாவைத் தூவிக் கோடிட்டனர் என்றும், பறவைகள் கூட்டமாய் இறங்கி அம்மாவைத் தின்றுவிட்டன என்றும் புளூட்டார்க் எழுதியுள்ளார். அரசன் கலங்கினான். பல நாட்டு மக்களுக்கும் இந்நகரம் உணவளிக்கும் என்பதே இதன் பொருள் என்று நிமித்திகர் தேற்றினராம். கதை எவ்வாறாயினும், அந்நகரின் முதல் வரைபடமே மறைந்துபோன வரைபடம் என்பது கருதத்தக்கது.

பயணம் திட்டமிடுவோர் முதலில் சந்திக்கும் தடையும் அதுவே. எவற்றால் அலெக்சாந்திரியா உலகப் புகழ் பெற்றதோ அவற்றுட் பெரும்பாலானவை இன்று அங்கே இல்லை. ஃபாரோஸ் தீவில் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த கலங்கரை விளக்கம் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றது. 956, 1303, 1323 ஆகிய ஆண்டுகளின் நிலநடுக்கங்கள் அதைச் சிதைத்தன. 1326-இல் அங்கே வந்த இபின் பதூதா அதன் ஒரு பக்கம் இடிந்திருக்கக் கண்டார். பின்னர் இந்தியாவுக்கும் மதுரைக்கும் வந்து சென்ற அதே பயணி 1349-இல் மீண்டும் போனபோது, உள்ளே நுழையவும் இயலாதபடி அது பாழ்பட்டுக் கிடந்தது. அவ்விடத்தில் சுல்தான் காயித்பே பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டிய கோட்டையே இன்று நிற்கிறது. பழைய விளக்கத்தின் கற்கள் பல, கோட்டையை ஒட்டிய கடலடியில் கிடக்கின்றன. 1994 முதல் பிரெஞ்சு அகழ்வாளர்கள் அவற்றை ஆராய்ந்து வருகின்றனர். 2025-இல் 22 பெருங்கற்கள் நீரிலிருந்து மேலே தூக்கப்பட்டன.

தாலமி மன்னர்களின் பெருநூலகமும் இன்று இல்லை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் இருந்த நூற்சுருள்களை வாங்கிப் படியெடுத்து, மூலத்தை வைத்துக்கொண்டு படியைத் திருப்பித் தந்தனர் என்று மருத்துவர் காலன் எழுதியுள்ளார். கவிஞர் கல்லிமாக்கஸ் 120 சுருள்களில் நூல்களின் அட்டவணை ஒன்றை வகுத்தார். அந்த அட்டவணையிலும் சில துண்டுகளே எஞ்சின. அலெக்சாந்தரின் கல்லறை கண்டறியப்படவில்லை. கிளியோபாட்ரா வாழ்ந்த அரச குடியிருப்பின் பெரும்பகுதி கிழக்குத் துறைமுகத்தின் நீரடியில் உள்ளது. 'கிளியோபாட்ராவின் ஊசிகள்' என்னும் இரு கற்றூண்களில் ஒன்று 1878-இல் லண்டனிலும், மற்றொன்று 1881-இல் நியூயார்க்கிலும் நிறுத்தப்பட்டன.

எனவே கெய்ரோவிலிருந்து காலையில் வந்து மாலையில் திரும்புவோர் ஏமாற்றத்தோடு போவதில் வியப்பில்லை. இல்லாததைக் காண ஒரு பகல் போதாது. அதற்கு முன்படிப்பும், குறைந்தது ஐந்து நாளும் வேண்டும்.

முன்படிப்பு என்றதும் நினைவுக்கு வருபவர் ஈ. எம். ஃபார்ஸ்டர். இந்தியாவைக் களமாகக் கொண்ட நாவலை 1924-இல் வெளியிட்ட அதே ஃபார்ஸ்டர்தான். முதல் உலகப் போரின்போது, 1915-இன் இறுதியில், செஞ்சிலுவைச் சங்கப் பணியாளராக அவர் அலெக்சாந்திரியா சேர்ந்தார். மருத்துவமனைகளில் காயமுற்றுக் கிடந்த வீரர்களை அணுகி, காணாமற்போன வீரர்களைப் பற்றி விசாரித்தறிவதே அவருக்கு இடப்பட்ட வேலை. காணாமற்போனோரைத் தேடிய அவர், காணாமற்போன நகரத்துக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுதினார். 1922-இல் வெளிவந்த அந்நூலின் முற்பகுதி வரலாறு, பிற்பகுதி தெருவழி. இரண்டையும் பக்கக் குறிப்புகளால் பிணைத்து, ஒரு தெருமுனையில் நிற்பவர் ஈராயிரம் ஆண்டுக்கு முன் அங்கே நிகழ்ந்ததை உடனே புரட்டிப் பார்க்கும்படி அமைத்தார். இரு பகுதிகளுக்கும் நடுவே அவர் வைத்தது ஒரு கவிதை. அது கவாஃபியின் ஆண்டனியைப் பற்றிய கவிதை.

கான்ஸ்டன்டைன் கவாஃபி 1863 ஏப்ரல் 29-இல் அலெக்சாந்திரியாவில் பிறந்து, 1933-இல் அதே ஏப்ரல் 29-இல் அங்கேயே மறைந்தவர். கிரேக்க மொழிக் கவிஞர். பாசனத் துறை அலுவலகத்தில் முப்பது ஆண்டு எழுத்தர் பணி பார்த்தவர். 1907 முதல் இறுதிவரை லெப்சியஸ் தெருவின் பத்தாம் எண் கட்டடத்தில் வாழ்ந்தார். இலக்கிய வட்டத்தினர்க்கு அவர் வாழ்வில் ஒரு செய்தி சிறப்பாக உரியது. விற்பனைக்கென ஒரு முழுத் தொகுதியையும் தம் வாழ்நாளில் அவர் வெளியிடவில்லை. கவிதைகளைத் தனித்தாள்களாக அச்சிட்டுச் சேர்த்துக் கட்டி, தாம் தேர்ந்த வாசகர்க்குத் தாமே கொடுத்து வந்தார். திருத்தம் தோன்றினால் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார். 154 கவிதைகள் கொண்ட தொகுதி அவர் மறைந்த பின், 1935-இல்தான் வெளிவந்தது. இன்று உலக மொழிகள் பலவற்றில் அவர் வாசிக்கப்படுகிறார். சிறு வட்டம் என்பது சிறுமையன்று என்பதற்கு அவர் சான்று.

இவ்வளவும் படித்து முடித்த கவிஞரின் உள்ளத்தில் ஒரு நகரம் முழுமையாக எழுந்துவிடும். லாரன்ஸ் டரல் 1957 முதல் 1960 வரை வெளியிட்ட நான்கு நாவல்களையும் சேர்த்துக்கொண்டால், அந்நகரத்துக்கு நிறமும் மணமும் வந்துவிடும். ஆபத்து இங்கேதான் இருக்கிறது. இந்த நூல்களின் அலெக்சாந்திரியாவில் கிரேக்கர், யூதர், இத்தாலியர், ஆங்கிலேயர் ஆகியோர் முன்னால் நிற்கின்றனர். நகரின் பெரும்பான்மையரான அரபு மொழி பேசும் மக்கள் பணியாளராகவும் வழிப்போக்கராகவும் பின்னால் நகர்கின்றனர். ஃபார்ஸ்டரின் வரலாற்றில், ஏழாம் நூற்றாண்டில் அரபியர் வந்தது முதல் 1798-இல் நெப்போலியன் வந்தது வரையிலான ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்குக் கிடைப்பவை மிகச் சில பக்கங்களே. கவாஃபியோ பழைய கிரேக்க உலகையே பெரிதும் பாடினார். 1906-இல் தென்ஷவாய் நிகழ்ச்சியில் ஆங்கில ஆட்சியினர் தூக்கிலிட்ட எகிப்திய இளைஞனையும் அவன் தாயையும் பற்றி அவர் ஒரு கவிதை எழுதியதுண்டு. ஆனால் அதை உயிரோடிருந்தவரை வெளியிடவில்லை.

அந்நகர மக்கள் தம் ஊரை அலெக்சாந்திரியா என்று சொல்வதில்லை, இஸ்கந்தரிய்யா என்கின்றனர். ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் ஊர் அது. அலெக்சாந்திரியாவுக்குப் பயணச்சீட்டு வாங்கும் கவிஞர் இஸ்கந்தரிய்யாவில்தான் இறங்குகிறார். இந்த இரு பெயர்களுக்கும் நீதி செய்வதே பயணத் திட்டத்தின் கடமை. கவிஞர் தம் பைக்குள் ஃபார்ஸ்டரோடும் கவாஃபியோடும் அரபு நூல்களையும் வைத்துக்கொள்ள வேண்டும். நகீப் மஹ்ஃபூஸின் 'மிராமார்' 1967-இல் வந்தது. கடலோர விடுதி ஒன்றில் தங்கியவர் நால்வர் தனித்தனியே சொல்லும் கதை அது. அதன் மையத்தில் நிற்பவளோ கிராமத்திலிருந்து வந்த பணிப்பெண் ஸொஹ்ரா. இப்ராஹீம் அப்தல் மகீதின் 'அலெக்சாந்திரியாவில் யாரும் உறங்குவதில்லை' என்ற நாவல் 1996-இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்கிடையே ஒரு முஸ்லிமும் ஒரு கிறித்தவரும் கொண்ட நட்பை, உழைப்பாளர் தெருக்களில் வைத்துச் சொல்கிறது. இரண்டும் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன.

இனி, காலத்தைத் தேர்வோம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கெய்ரோ மக்கள் வெப்பம் தாளாமல் கடற்கரைக்குத் திரள்வர். விடுதிகளில் இடம் கிடைப்பது கடினம். இளவேனிலில் பாலைவனத்தின் 'கம்ஸீன்' காற்று சில நாள் மணலை வாரி இறைக்கும். குளிர்காலத்தில் கடற்புயல்கள் வரும். அவற்றை 'நவ்வா' என்பர். மீனவர்கள் ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு நாள் குறித்து வைத்துள்ளனர். நவம்பரில் வருவது 'மிக்னஸா', அதாவது துடைப்பம். டிசம்பரில் வருவது 'காஸிம்'. மார்ச்சில் இறுதியாக வருவது 'அவ்வா'. புயலுக்குப் பெயரிடும் மக்களின் மொழியைக் கேட்க விரும்புபவர் குளிர்காலத்தில் போகலாம். மற்றவர்க்கு அக்டோபர் மாதமே நன்று. ரமளான் நோன்பு மாதத்தில் காட்சிக்கூடங்கள் முன்னதாகவே மூடப்படும். அம்மாதத்து இரவுகளின் அழகு தனி. எதை விரும்புகிறோம் என்று தெரிந்து நாள் குறிக்க வேண்டும். விசா விதிகள் அவ்வப்போது மாறுபவை. புறப்படுமுன் தூதரகத்தில் கேட்டறிவது நலம்.

முதல் நாள்: கெய்ரோவிலிருந்து புகைவண்டியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரப் பயணம். நைல் முகத்துவாரத்தின் வயல்களும் வாய்க்கால்களும் வழிநெடுக வரும். தங்குமிடம் ரம்ல் நிலையத்தை அடுத்து இருந்தால், அருங்காட்சியகமும் கவாஃபியின் வீடும் கிழக்குத் துறைமுகமும் நடை தூரத்தில் அமையும். அன்று மாலை கடற்கரைச் சாலையில் நடப்பது தவிர வேறு வேலை வேண்டா. அந்தச் சாலையின் அலைத்தடுப்புக் கற்களை நன்றாகப் பார்க்க வேண்டும். நிலம் தாழ, கடல் ஏற, உப்புநீர் அடித்தளங்களை அரிக்க, பழைய கட்டடங்கள் இடிந்து விழுவது அந்நகரில் இன்று அடிக்கடி நிகழும் துயரம். டரல் தங்கியிருந்த அம்ப்ரோன் மாளிகை கடல் தொடாமலேயே, 2017-இல் மனிதக் கையால் இடிக்கப்பட்டது. இழப்பு அந்நகரில் பழங்கதை மட்டுமன்று.

இரண்டாம் நாள்: காலையில் கிரேக்க ரோமானிய அருங்காட்சியகம். 1892-இல் தொடங்கப்பட்ட அது, 2005 முதல் நெடுங்காலம் மூடப்பட்டிருந்து, 2023 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. அடுத்து கோம் அல்-திக்கா. 1960 முதல் போலந்து அகழ்வாளர்கள் தோண்டிவரும் இடம். பளிங்குப் படிகள் கொண்ட சிறு அரங்கையே பலரும் பார்த்துத் திரும்புவர். அதன் அருகில் வரிசையாக உள்ள இருபதுக்கு மேற்பட்ட விரிவுரைக் கூடங்களைக் கவிஞர் காண வேண்டும். அவை கி.பி. ஐந்து முதல் ஏழாம் நூற்றாண்டு வரையிலானவை. மூன்று புறமும் கற்படி இருக்கைகள். நடுவே ஆசிரியர்க்கு உயர்ந்த இடம். இலக்கியக் கூட்டத்துக்கு வந்து அமர்வோர் எண்ணிக்கை அன்றும் இன்றும் ஏறத்தாழ ஒன்றே என்பது தெரியவரும். இதே கோம் அல்-திக்கா பகுதியில்தான் 1892-இல் இசைவாணர் சையித் தர்வீஷ் பிறந்தார். எகிப்தின் நாட்டுப்பண்ணுக்குரிய இசை அவருடையது. மாலையில் கவாஃபியின் வீடு. அவர் மறைவுக்குப் பின் தங்கும் விடுதியாகிப் போன அது 1992-இல் அருங்காட்சியகமாயிற்று. பழுது நீக்கப்பட்டு 2024-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

மூன்றாம் நாள்: கர்மூஸ். 'பொம்பேயின் தூண்' என்று தவறாகப் பெயர் பெற்ற செந்நிறக் கற்றூண் அங்கே நிற்கிறது. ஏறத்தாழ 27 மீட்டர் உயரம். உண்மையில் பேரரசன் டயோக்ளீஷியன் காலத்தது. பெருநூலகத்தின் கிளை இருந்ததாகச் சொல்லப்படும் செராபிஸ் கோயில் வளாகம் அது. அருகே கோம் அல்-ஷுகாஃபா நிலவறைக் கல்லறைகள். 1900-இல் ஒரு கழுதை குழியில் விழுந்ததால் வெளிப்பட்டவை. சாவின் தெய்வம் அனூபிஸ் அங்கே ரோமானியப் படைவீரன் உடையில் நிற்கிறான். எகிப்து, கிரேக்கம், ரோம் மூன்றும் ஒரே சுவரில் கலந்த காட்சி அது. பிறகு உடனே வண்டி ஏறாமல், கர்மூஸ் தெருக்களில் நடந்தே திரும்ப வேண்டும். அப்தல் மகீதின் நாவலைப் படித்தவர்க்கு அந்தத் தெருக்கள் புதியவையாக இரா.

நான்காம் நாள்: 2002-இல் திறக்கப்பட்ட புதிய நூலகம். கடலை நோக்கிச் சாய்ந்த 160 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கூரை. உலகின் பல எழுத்து முறைகள் செதுக்கிய கருங்கற் சுவர். ஈராயிரம் பேர் அமரும் படிப்பறை. சுற்றுலாவினர்போல் கால் மணி நேரத்தில் பார்த்து நீங்காமல், ஒரு முற்பகல் முழுதும் மாணவர் நடுவே அமர்ந்து படிப்பதே அந்நூலகத்துக்குச் செய்யும் மரியாதை. பிற்பகலில் அண்மையிலுள்ள ஷாத்பி கிரேக்கர் கல்லறைத் தோட்டம். கவாஃபியின் கல்லறைக் கல்லில் பெயரும் நாளும் அன்றி, 'கவிஞர்' என்ற ஒரு சொல்லே உள்ளது.

ஐந்தாம் நாளைப் பற்றிச் சொல்லுமுன் தமிழ்க் கரையோடு அந்நகர்க்குள்ள உறவை நினைவூட்ட வேண்டும். வியன்னாவில் காக்கப்படும், 1985-இல் அச்சேறிய பாப்பிரஸ் ஏடு ஒன்று கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது. அது முசிறியோடு நடந்த வணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். 'ஹெர்மப்பொல்லோன்' என்னும் கப்பலில் வந்த தந்தம், நறுமணச் சடாமாஞ்சில் முதலிய சரக்குகள் அதில் கணக்கிடப்பட்டுள்ளன. செங்கடல் துறையில் இறங்கிய சரக்கு ஒட்டகத்தில் பாலை கடந்து, நைல் வழியே அலெக்சாந்திரியா சேர்ந்து, அங்கே நாலில் ஒரு பங்கு சுங்கம் செலுத்தியது. செங்கடல் துறைகளான பெரெனிகேயிலும் குஸெய்ர் அல்-கதீமிலும் தமிழ்ப் பிராமி பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. இவ்வுறவு அறிஞர்க்குத் தெரிந்தது. இதைவிட நெருங்கிய, இன்னும் உயிரோடுள்ள உறவு ஒன்று ஐந்தாம் நாளில் காத்திருக்கிறது.

அது அன்ஃபூஷி பகுதி. பழங்காலத்தில் ஃபாரோஸ் தீவைக் கரையோடு இணைக்க இட்ட அணையின் இருபுறமும் மணல் சேர்ந்து சேர்ந்து நிலமாகிய இடத்துக்கு அப்பால் உள்ளது. அங்கே ஆந்தலூசியாவின் மூர்சியாவிலிருந்து வந்த சூஃபி ஞானி அபுல் அப்பாஸ் அல்-மூர்சியின் பள்ளிவாசல் உயர்ந்து நிற்கிறது. அதன் எதிரில் அடக்கமான சிறிய பள்ளிவாசலில் துயில்பவர் அவர் மாணவரான இமாம் பூசிரி. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கவிஞர். 'கஸீதத்துல் புர்தா' பாடியவர். வாதத்தால் செயலிழந்து கிடந்தபோது நபிகள் நாயகத்தின் மீது இக்கவிதையைப் பாடினார் என்றும், கனவில் நபிகள் தம் போர்வையை அவர்மீது போர்த்த அவர் நலமுற்று எழுந்தார் என்றும் சொல்வர். அப்பள்ளிவாசலின் சுவர்களில் அக்கவிதையே எழுதப்பட்டுள்ளது.

அந்தப் புர்தா தமிழகத்தின் காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வருவது. அலெக்சாந்திரியாவில் துயிலும் கவிஞர்களில், அச்சு நூலின் துணையின்றித் தமிழ் மண்ணின் காற்றில் கலந்த கவிஞர் பூசிரி ஒருவரே எனலாம். ஆயினும் மேலை நாட்டார் வகுத்த இலக்கிய வழியைப் பின்பற்றிச் செல்லும் கவிஞர், கவாஃபியின் வீட்டு வாசலில் மெய்மறந்து நின்றுவிட்டு, பூசிரியின் வாசலைக் கடந்து மீன் சந்தைக்குப் போய்விடக்கூடும். முன்படிப்பின் குறை கண்ணின் குறையாகிவிடுகிறது. இதே அன்ஃபூஷிப் பக்கத்துத் தெருக்களில் வளர்ந்தவர் பேச்சுமொழிக் கவிஞர் பைரம் அத்-தூனிஸி. நகரசபையின் வரிவசூலை எள்ளி அவர் பாடிய கவிதை புகழ் பெற்றது. ஆட்சியாளரைச் சாடியதற்காக நாடு கடத்தப்பட்டார். கவாஃபி தனித்தாள்களை அச்சிட்டுக் கொடுத்த அதே ஆண்டுகளில், அதே நகரில், பைரமின் சொற்கள் தெருவில் நடந்தன. ஒருவர் மொழி மற்றவர் தெருவுக்கு எட்டவில்லை. ஐந்து நாள் தங்கும் பயணியாவது இருவரையும் ஒரே நினைவில் வைத்துப் பார்க்கலாம்.

பூசிரியின் பள்ளிவாசலுக்கு வெள்ளி நண்பகல் தவிர்த்த வேளையில், உடலை மறைத்த எளிய உடையோடு செல்வது முறை. பின்பு மீன் சந்தையில் விருப்பப்படி மீனைத் தேர்ந்து கொடுத்தால் அருகிலுள்ள கடைகளில் சமைத்துத் தருவர். வெங்காயம் வதக்கிச் சமைத்த 'சய்யாதிய்யா' சோறும் மீனும் அவ்வூர்ச் சிறப்பு. வெயில் தாழ்ந்ததும் காயித்பே கோட்டை. விளக்கம் நின்ற இடத்தில் நின்று நகரைத் திரும்பிப் பார்க்க அதுவே தக்க வேளை.

நாள் குறைந்தால் எதை விடுவது? முன்தஸா அரண்மனைத் தோட்டத்தை விடலாம், கடைத்தெருவை விடலாம், நூலகத்தின் முற்பகலைக்கூடச் சுருக்கலாம். கர்மூஸ் நடையையும் அன்ஃபூஷிப் பொழுதையும் விடலாகாது. அவையின்றேல், வீட்டில் படித்த நூலையே கடல் கடந்து சென்று மீண்டும் படித்ததாக முடியும்.

ஃபார்ஸ்டர் தம் நூலின் நடுவில் வைத்த கவாஃபியின் கவிதை, அலெக்சாந்திரியாவை இழக்கும் இரவில் ஆண்டனி எவ்வாறு நிற்க வேண்டும் என்பதைப் பேசுகிறது. தன்னை ஏமாற்றிக்கொள்ளாமல் விடைகொடுக்க வேண்டும் என்பதே அதன் உள்ளக்கிடை. பயணியின் இழப்பு ஆண்டனியினது போன்று பெரிதன்று. ஆறாம் நாள் காலை அவர் புகைவண்டி ஏறப் போகிறவர்தாம். எனினும் விடைபெறும்போது எந்த ஊரிடம் விடைபெறுகிறோம் என்று அறிந்திருக்க வேண்டும். 'அலெக்சாந்திரியா' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு இறங்கியவர், நிலையத்தில் வழியனுப்பும் தேநீர்க் கடைக்காரரிடம் 'இஸ்கந்தரிய்யா' என்று வாய்விட்டுச் சொல்லிப் புறப்பட்டால், ஐந்து நாளும் வீண் போகவில்லை என்று கொள்ளலாம்.